வேலூர்க் கோட்டையிலிருந்து விடுதலை வரை: அடக்குமுறை எப்போது போராட்டமாகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். 1806இல் இங்கே கோட்டையில் சிப்பாய்க் கலகம் நடந்த நாள் ஜூலை 10. அது நெருங்கினால் வகுப்பில் கேள்விகள் குவியும். ஊருக்கு வைத்தியம் பார்க்க வந்த சொந்தக்காரர்களைச் சாயங்காலம் கோட்டைக்குக் கூட்டிப்போனால் அவர்களும் அதையேதான் கேட்பார்கள். பல வருஷமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

“சார், ஒரு தொப்பிக்கா சார் இம்மாம் பெரிய சண்டை?”

பதினோராம் வகுப்பில் வருஷத்துக்கு ஒருவனாவது இப்படிக் கேட்பான். நியாயமான கேள்விதான்.

1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்துக்குப் புதுத் தலைப்பாகை வந்தது. பார்வைக்குத் தொப்பி மாதிரி இருக்கும், முன்னால் தோலால் செய்த குஞ்சம். அந்தத் தோல் மாட்டுடையதா பன்றியுடையதா என்று பாசறையில் பேச்சு கிளம்பியது. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் விபூதியோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழித்துவிட வேண்டும், மீசையை எல்லோரும் ஒரே அளவில் கத்தரிக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்கள். அப்போது படைத்தலைவர் சர் ஜான் கிரடாக், கவர்னர் வில்லியம் பெண்டிங்க்.

அந்தக் காலத்தில் தொப்பி போட்டவன் என்றால் பறங்கி என்று அர்த்தம். தொப்பியோடு ஊருக்குப் போனால் பொண்ணு கொடுப்பார்களா, பந்தியில் உட்கார விடுவார்களா என்பதுதான் சிப்பாயின் கவலை. கடுக்கனைக் கழற்றச் சொன்னதும் மீசையில் கை வைத்ததும் அவனுக்கு உடுப்பு விஷயமாகவே தெரியவில்லை. “நீ யார் என்பதை நான் முடிவு செய்வேன்” என்று ஒருவன் தன் முகத்தின்மேல் எழுதுவதாகவே பட்டது.

1806 மே மாதம் 4ஆம் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியன் வேலூரில் அந்தத் தலைப்பாகையை வைக்க மறுத்தது. விசாரணை நடந்து இரண்டு பேருக்கு ஆளுக்கு 900 கசையடி தீர்ப்பானது. ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். இன்னும் 19 பேருக்கு 500 அடி என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டதால் விட்டார்கள்.

தொள்ளாயிரம். வகுப்பில் ஒருநாள் பையன்களை ஒன்றிலிருந்து சத்தமாக எண்ணச் சொன்னேன். நூறைத் தாண்டும் முன்பே சிரிப்பு நின்றுவிட்டது. இருநூறில் நானே நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஆகவே சண்டை தொப்பிக்காக மட்டும் அல்ல. தொப்பி வேண்டாம் என்று சொன்னவன் முதுகை உரித்தார்கள், அதுதான் நெருப்பு. இந்துவையும் முஸ்லிமையும் ஒரே மாதிரி அடித்து, இரண்டு பேருக்கும் ஒரே எதிரி யார் என்பதைக் கம்பெனியே காட்டிக்கொடுத்தது. அந்த வேலையை வேறு எவனாலும் அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

அன்றைக்கு ராத்திரி என்னதான் நடந்தது?

1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் வேலூர்க் கோட்டையில்தான் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். கோட்டைக்குள் ஆள் நடமாட்டம் அதிகமாக இருந்தாலும் யாரும் சந்தேகப்படாத நாள். விடிந்தால் 10.

விடியற்காலை இரண்டு மூன்று மணி வாக்கில் சிப்பாய்கள் காவலர்களை வெட்டிவிட்டு, 69ஆம் ரெஜிமென்டின் ஆங்கிலேயச் சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்த பாசறைக்குள் சுட்டார்கள். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் செத்தார். அந்த ரெஜிமென்டில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளையும் கொன்றார்கள். மேடைப் பேச்சில் இந்த வரி வருவதில்லை. நான் சொல்லாமல் விடுவதில்லை.

கொடிமரத்தில் மைசூரின் புலிக்கொடி ஏறியது. அதற்கப்புறம் கதை கைநழுவியது. அடுத்து என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சிலர் கொள்ளையில் இறங்கினார்கள். கோட்டை வாசலைப் பலமாக அடைத்துக் காவல் போடவில்லை. உயிர் தப்பிய ஆங்கிலேயர் கொஞ்சம் பேர் வாசலுக்கு மேலே மதிலில் ஒட்டிக்கொண்டு தாக்குப்பிடித்தார்கள்.

அன்று இரவு கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கோட்ஸ் ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். ஆற்காடு குதிரைப்படை ஊர், இங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் வாக்கில். கில்லெஸ்பி என்ற கர்னல் 19ஆம் டிராகூன் குதிரைவீரர்களோடு பாய்ந்து வந்தார். காலைப் பலகார நேரம் முடிவதற்குள் வாசலுக்கு வந்தாயிற்று. உள்ளே போக வழியில்லாமல் மதில்மேல் இருந்தவர்கள் விட்ட கயிற்றைப் பிடித்துக் கில்லெஸ்பி மேலேறினார். பின்னால் வந்த பீரங்கி கதவை உடைத்தது. குதிரைகள் உள்ளே புகுந்தன.

அப்புறம் நடந்ததற்குச் சண்டை என்று பெயரில்லை. முந்நூற்றைம்பது சிப்பாய்கள் வரை செத்ததாகக் கணக்கு. அரண்மனைப் பக்கம் ஒளிந்திருந்த நூறு பேர் அளவுக்கு வெளியே இழுத்து வந்து, ஒரு சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணை கிடையாது. கதவை உடைத்த இஞ்சினியர் பிளேக்கிஸ்டன், அந்தக் காட்சியை ஏறக்குறைய மன அமைதியோடே பார்க்க முடிந்தது என்று பிற்பாடு எழுதினார். பிறகு முறைப்படி விசாரித்த வகையில் 6 பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார்கள், 5 பேர் சுடப்பட்டார்கள், 8 பேர் தூக்கில் தொங்கினார்கள்.

முன்கூட்டியே ஒருத்தருக்கும் தெரியாதா?

தெரியும். ஜூன் மாதமே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய் விஷயத்தைச் சொன்னார். பைத்தியக்காரன் என்று அவரையே பிடித்து அடைத்துவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவருக்கு வெகுமதி கொடுத்தார்கள். கீழே இருப்பவனுக்குக் கோபம் வரும் என்பதையே மேலே இருப்பவன் நம்ப மாட்டான்.

அப்படியானால் இதுதான் இந்தியாவின் முதல் சுதந்திரப் போரா?

ஊர்க்காரன் என்ற முறையில் ஆமாம் என்று சொல்ல ஆசை. வரலாறு நடத்துகிறவனாக அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

அவர்கள் ஏற்றியது திப்புவின் கொடி. அவர்கள் மனதில் இருந்தது பழைய ராஜ்யம் திரும்பி வர வேண்டும் என்பது. “இந்தியா” என்று நாம் இன்று சொல்லும் சொல் அந்தப் பாசறையில் யாருடைய வாயிலும் இருந்திருக்காது. அதற்காக வெறும் உடுப்புத் தகராறு என்று சுருக்குவதும் தப்பு. கட்டபொம்மனைக் கயத்தாறில் தொங்கவிட்டது 1799இல், மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தொங்கவிட்டது 1801இல். அதைப் பார்த்த, கேட்ட தலைமுறைதான் 1806இல் பாசறையில் இருந்தது. (அந்தத் திருப்பத்தூர் சிவகங்கைப் பக்கம் உள்ளது, நம்ம ஜோலார்பேட்டைக்குப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை. வருஷா வருஷம் யாராவது குழப்பிக்கொள்கிறார்கள்.)

இவ்வளவு ரத்தம் சிந்திய பிறகு ஏன் நாடு கொதித்து எழவில்லை?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

வேலூரில் செத்த சிப்பாய்கள் முந்நூற்றைம்பது பேர் வரை. 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக்கில் அரசாங்கம் ஒப்புக்கொண்ட கணக்கு 379. ஏறக்குறைய ஒரே எண். இங்கே ஆயுதம் ஏந்திக் கொன்றவர்கள், அங்கே வைசாகிக்கு வந்த வெறுங்கை ஜனம் என்பது பெரிய வித்தியாசம், அதை மறக்கவில்லை. ஆனாலும் பஞ்சாபில் நடந்தது ஒன்றரை வருஷத்துக்குள் ஒத்துழையாமை இயக்கமாக மாறிற்று. வேலூரில் நடந்தது நூற்றுப்பதிமூன்று வருஷம் அப்படியே கிடந்தது. ஏன்?

முதல் காரணம், சேதி போக வழியில்லை. 1806இல் தமிழில் ஒரு பத்திரிகை கிடையாது. சுதேசமித்திரன் வாரப் பத்திரிகையாக வந்ததே 1882இல். கோட்டைக்குள் நடந்தது அகழியைத் தாண்டினால் வதந்தியாகத்தான் போகும். கலைக்கப்பட்ட பட்டாலியன்காரன் ஊருக்கு நடந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு. அவன் சொன்னது அந்தத் திண்ணையோடு சரி.

இரண்டாவது, கோபத்தை வாங்கி வைக்கப் பாத்திரம் இல்லை. 1919இல் காங்கிரசுக்கு 34 வயது. காந்தி, சித்தரஞ்சன் தாஸ், அப்பாஸ் தியாப்ஜி, ஜெயகர் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி வாங்கித் தனி விசாரணை நடத்தினார்கள். படுகொலைக்கு ஒரு வாரம் முன்னால்தான், விசாரணையில்லாமல் சிறையில் வைக்க வழிசெய்த ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுக்கக் கடையடைப்பு நடந்திருந்தது. அந்த யோசனையே மார்ச் மாதம் சென்னையில் தங்கியிருந்தபோது காந்திக்குத் தோன்றி, ராஜாஜியிடம்தான் முதலில் சொன்னார். ஆக, மழை கொட்டும் முன்பே வாய்க்கால் வெட்டியிருந்தது.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலூருக்குப் பிறகு கம்பெனி பயந்து இறங்கிவந்தது. தலைப்பாகை உத்தரவை ரத்து செய்தார்கள். கிரடாக்கையும் பெண்டிங்கையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். (அதே பெண்டிங்க் இருபது வருஷம் கழித்துக் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்து, உடன்கட்டை ஏறுவதை ஒழித்தவர் என்று நம் பாடப்புத்தகத்தில் நல்ல பெயர் வாங்கினார்.) திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பாதி பழிவாங்கி, பாதி விட்டுக்கொடுத்ததில் கோபம் வடிந்துபோயிற்று.

பஞ்சாபில் நடந்தது நேர் எதிர். ஜாலியன்வாலாபாக்கில் படையை நடத்திய ஜெனரல் டயர் பத்து நிமிஷத்தில் 1,650 குண்டு சுட வைத்தார், முன்னெச்சரிக்கை கொடுக்கவில்லை. இயந்திரத் துப்பாக்கி வண்டி அந்தச் சந்துக்குள் நுழைந்திருந்தால் அதையும் பயன்படுத்தியிருப்பேன் என்று விசாரணையில் சொன்னார். ஒரு தெருவில் இந்தியர்கள் வயிற்றால் ஊர்ந்துதான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். பொது இடத்தில் கசையடி கொடுத்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு வேலையை விட்டுப் போகச் சொன்னதோடு சரி. லண்டனில் பிரபுக்கள் சபை அவர் பக்கம் நின்றது. ஒரு பத்திரிகை நிதி திரட்டி அவருக்கு 26,000 பவுண்டு கொடுத்தது.

சுட்டவனைவிட அவனுக்குப் பணமுடிப்புக் கொடுத்தவன்தான் நம்மவர்களை அதிகம் மாற்றினான் என்பது என் அபிப்பிராயம். அதுவரை “அதிகாரி கெட்டவன், ராஜாங்கம் நல்லது” என்று நம்பியவர்கள் நிறையப் பேர். காந்தியே முதல் உலகப்போருக்கு ஆள் சேர்த்தவர். தாகூர் 1919லேயே சர் பட்டத்தைத் தூக்கிப் போட்டார். காந்தி 1920 ஆகஸ்டில் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். நம்பியவன் நம்பிக்கை போனால் அவன் எதிர்ப்பக்கத்தில் நடுவில் போய் நிற்க மாட்டான், கடைசிவரை போவான்.

அடித்தால் பயந்து அடங்கத்தானே செய்வார்கள்?

அடங்குவதும் உண்டு. 1801க்குப் பிறகு பாளையக்காரர் சீமை அடங்கியது. தூத்துக்குடியில் வ.உ.சி.யை 1908இல் சிறைக்கு அனுப்பிச் செக்கிழுக்க வைத்தார்கள், அவர் கப்பல் கம்பெனி நொடித்துப்போனது. வெளியே வந்தபோது அவரை வரவேற்க வந்தவர்கள் கைவிட்டு எண்ணும் அளவுதான். அடக்குமுறை தோற்கும் என்று எழுதிவைத்த விதி எதுவும் இல்லை.

மற்ற நாடுகளிலும் இப்படித்தானா?

அயர்லாந்தைப் பாருங்கள். 1916 ஈஸ்டர் சமயம் டப்ளினில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கலகம் செய்தவர்கள் சரணடைந்து தெருவில் போனபோது ஊர் ஜனமே திட்டியது. வீணாக ஊரை எரித்துவிட்டார்கள் என்ற கோபம். மே மாதம் பதினைந்து பேரைச் சில நாட்கள் இடைவெளி விட்டு விட்டுச் சுட்டார்கள். கானலி என்பவர் காயத்தால் நிற்க முடியாமல் இருந்தார், நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். ஒரேயடியாகச் சுட்டிருந்தால் ஒருநாள் சேதியாகப் போயிருக்கும். விட்டு விட்டுச் சாவுச் சேதி வந்ததில் ஜனம் மாறிவிட்டது. 1918 தேர்தலில் அயர்லாந்தின் 105 இடத்தில் 73ஐ விடுதலை கேட்ட சின் ஃபெய்ன் கட்சி பிடித்தது.

அல்ஜீரியாவில் 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த கொண்டாட்ட நாளிலேயே செத்திஃப் ஊரில் பிரெஞ்சுக்காரர்களின் வெறியாட்டம் தொடங்கிற்று. பிரான்சுக்காகச் சண்டை போட்டுவிட்டு வீடு திரும்பிய அல்ஜீரியச் சிப்பாய்கள் பார்த்தது அதைத்தான். 1954 நவம்பரில் விடுதலைப் போர் தொடங்கியது.

படையில் இருந்தவர்களின் கோபத்துக்குத் தனி பலம் உண்டா?

உண்டு. வெள்ளைக்காரன் கொஞ்சம் பேர், அவனுக்காகத் துப்பாக்கி தூக்கியது நம்மவன். ஜாலியன்வாலாபாக்கில் சுட்டவர்களும் கூர்க்கா, பலூச் படைக்காரர்கள்தானே. அந்தக் கை தயங்கினால் கதை முடிந்தது.

1945 நவம்பரில் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள்மேல் வழக்கு நடந்தது. ஷா நவாஸ் கான், சேகல், தில்லான். ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். 1806இல் வேலூரில் செய்த அதே தப்பை 139 வருஷம் கழித்து இன்னும் பெரிதாகச் செய்தார்கள். நாடே மூன்று பேருக்கும் சேர்த்துக் குரல் கொடுத்தது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இனி இந்தக் கையை நம்பி ஆள முடியாது என்பது லண்டனுக்குப் புரிந்துபோயிற்று.

சிந்திய ரத்தம் எல்லாமே கணக்கில் வந்ததா?

வரவில்லை. ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டுப் பதினாறு பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சில சாதிகளைப் பிறப்பிலேயே குற்றவாளிகளாக நடத்திய குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் கைரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்ததுதான் காரணம். பத்திரிகை இருந்தது, காங்கிரஸ் இருந்தது, தந்தி இருந்தது. ஆனால் மதுரைச் சீமையைத் தாண்டி அந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் குறைவு. என் வகுப்பில் கேட்டால் நாற்பது பேரில் ஒருவர்கூடக் கை தூக்க மாட்டார்கள். யார் செத்தால் சேதி, யார் செத்தால் புள்ளிவிவரம் என்ற கணக்கை வெள்ளைக்காரன் மட்டும் போடவில்லை.

பழிக்குப் பழி வாங்கியவர்கள்?

1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன், 1940 மார்ச் 13இல் லண்டனில் ஓட்வையரைச் சுட்ட உதம்சிங் இருவரையும் எல்லோருக்கும் தெரியும். உதம்சிங் சுட்டது டயரை என்று பலர் சொல்வார்கள். அது தப்பு, டயர் 1927லேயே இறந்துவிட்டார். ஓட்வையர் ஜாலியன்வாலாபாக் நடந்தபோது பஞ்சாப் லெப்டினென்ட் கவர்னராக இருந்தவர்.

பழைய கொடுமை எத்தனை வருஷம் நினைவில் நிற்கும்?

அதை ஒரு சிலை சொல்லும். 1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் கண்மண் தெரியாமல் தூக்கில் போட்ட கர்னல் நீல், சென்னை ஃபியூசிலியர்ஸ் படையின் தளபதி. லக்னோவில் செத்தவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். எழுபது வருஷம் ஜனம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. 1927இல் திடீரென்று அந்தச் சிலையை எடு என்று சத்தியாக்கிரகம். தெற்கே திருநெல்வேலியிலிருந்து சோமயாஜுலு வந்து நடத்தினார், கடலூர் அஞ்சலையம்மாள் தன் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு வந்து சிறைக்குப் போனார். 1937இல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகுதான் சிலை அகற்றப்பட்டு மியூசியத்துக்குப் போனது.

அந்த அஞ்சலையம்மாளுக்கும் நம்ம ஊருக்கும் சம்பந்தம் உண்டு. முப்பதுகளின் தொடக்கத்தில் இன்னொரு போராட்டத்துக்காக வேலூர் ஜெயிலில் இருந்தபோது அவர் நிறைமாத கர்ப்பிணி. பிரசவத்துக்கு வெளியே விட்டார்கள். பிள்ளை பிறந்து இரண்டு வாரத்துக்குள் திரும்ப உள்ளே. பையனுக்கு ஜெயில் வீரன் என்றே பெயர்.

கோட்டைக்கு வந்தால் என்ன பார்க்கலாம்?

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரே அகழிதான். வெயில் காலத்தில் காலை எட்டுக்குள் வந்துவிடுங்கள், வேலூர் வெயில் விளையாட்டில்லை. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில். கம்பெனி காலத்தில் ஆயுதக்கிடங்காக இருந்தது. 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். “சாமியில்லாத கோயில்” என்று வெளியூர்க்காரன் நம்மைக் கேலி செய்தது அதோடு தீர்ந்தது. கொஞ்சம் தள்ளி மசூதி, ஒரு சர்ச், திப்பு மகால், ஹைதர் மகால். மதில்மேல் ஏறி வாசல் பக்கம் நின்று கீழே பாருங்கள். கில்லெஸ்பி கயிற்றில் ஏறிய உயரம் அப்போதுதான் புரியும்.

வெளியே மக்கான் பக்கம் சிப்பாய்களுக்கான நினைவுத் தூண் இருக்கிறது, ஜூலை 10 காலையில் கலெக்டர் வந்து மலர்வளையம் வைப்பார். மற்ற நாட்களில் அதைச் சுற்றி ஆட்டோ நிற்கும். நேரம் இருந்தால் பாகாயம் போகும் டவுன் பஸ் ஏறித் தொரப்பாடியில் இறங்குங்கள். சாலையோரம் நீளமாகத் தெரியும் சுவர் மத்திய சிறை. 1921 டிசம்பரில் ஒத்துழையாமைக்காக ராஜாஜியை அடைத்தது அங்கேதான். 1941இல் காமராஜர் அங்கே கைதியாக இருந்தபடியே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உள்ளே விட மாட்டார்கள். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துவிட்டு வரலாம்.